சிரிக்காமல் எழுத வேண்டிய பரீட்சை

பெற்றவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. ஆனால் அது பள்ளிப் பதிவேட்டைத் தாண்டி வெளியே வந்ததில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது யாராவது தும்மினால்கூடக் கெக்கலி கொட்டிச் சிரிப்பாளாம். அதைப் பார்த்து அவளுடைய மாமா வைத்த பெயர் கிலுகிலுப்பை. கூப்பிட நீளமாக இருக்கிறதென்று அதையும் சுருக்கிக் கிலு ஆக்கிவிட்டார்கள்.

பதினேழு வயதாகியும் அந்தப் பெயருக்கு அவள் துரோகம் செய்யவில்லை. சிரிப்பு வந்துவிட்டால் அது அவள் சொல்பேச்சுக் கேட்காது. முதலில் தோள் இரண்டும் குலுங்கும். அடுத்து மூக்கு வழியாக மெல்லிய விசில் ஒன்று கிளம்பும். அந்த விசிலைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் கையிலிருக்கும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். ஏனென்றால் அடுத்தது அவர்களுக்கும் தொற்றிக்கொள்ளும், டீ சட்டையில்தான் போய்ச் சேரும்.

படிப்பில் அவள் சோடை போனவள் இல்லை. பள்ளி இறுதித் தேர்வில் எல்லாப் பாடத்திலும் ஏ கிரேடு. சுற்றுச்சூழல் பாடத்தில் மட்டும் சி. தூங்கி வழிந்துகொண்டு எழுதினாலே பி வந்துவிடும் என்று பிள்ளைகள் பேசிக்கொள்ளும் பாடம் அது. போனால் போகிறது என்று விட்டுவிடவும் வழியில்லை. பூங்காக்களை வடிவமைக்கச் சொல்லித்தரும் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. கணக்கு நோட்டின் பின்பக்கமெல்லாம் குளமும் மரமும் வளைந்து போகும் பாதையுமாகப் போட்டு வைத்திருப்பாள். அந்தக் கல்லூரிக்காரர்கள் மற்றப் பாடங்களைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. சுற்றுச்சூழலில் குறைந்தது பி வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.

சி வந்த கதை இதுதான். தேர்வன்று காலை அவளும் அவளுடைய உயிர்த் தோழியும் அறைக்கு வெளியே நின்று கடைசி நேரப் புரட்டல் புரட்டிக்கொண்டிருந்தார்கள். யோசிக்கும்போதெல்லாம் நாக்கைத் தட்டி ‘ட்ச்சு ட்ச்சு’ என்று சத்தம் போடுவதால் அந்தத் தோழிக்குப் பல்லி என்று பெயர். பல்லி புத்தகத்தின் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, ட்ச்சு என்றுவிட்டு, “மண்புழு விவசாயியின் நண்பன்னு போட்டிருக்காங்களே, அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அதைக் கூப்பிடுவாரா?” என்று கேட்டாள். கேட்டது அவ்வளவுதான். மணி அடித்தது, உள்ளே போனார்கள்.

வினாத்தாளில் ஏழாவது கேள்வி: ‘மண்புழு விவசாயியின் நண்பன். விளக்குக.’

கிலுவின் மனக்கண்ணில் கல்யாண மேடை ஒன்று விரிந்தது. மணமகனுக்கும் மணமகளுக்கும் நடுவில் கோட்டுப் போட்ட மண்புழு ஒன்று நின்றது. புகைப்படக்காரர் காமிராவிலிருந்து தலையை எடுத்து, “சார், நீங்க கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க” என்றார். தோள் குலுங்கியது. விசில் கிளம்பியது.

அன்று அறையைக் கண்காணித்தவர் வேதியியல் ஆசிரியை. பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் சிமெண்ட். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பள்ளி ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் நாற்காலியோடு கவிழ்ந்தபோது ஊரே சிரித்ததே, அப்போதும் அவர் எழுந்து போய் நாற்காலியின் காலைத்தான் பரிசோதித்தார். அவர் கிலுவை முகம் கழுவிவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். கழுவிவிட்டு வந்தாள். ஏழாவது கேள்வி அங்கேயே காத்திருந்தது. மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. குழாயடிக்கும் மேசைக்கும் நடந்த நேரம் போக மிச்சமிருந்த நேரத்தில் பாதித் தாளைத்தான் எழுத முடிந்தது.

முடிவு வந்த அன்று மாலை மாமா வந்தார். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, லிஃப்ட் பழுதுபார்ப்பவர், இன்னும் கல்யாணம் ஆகவில்லை, ஆளைப் பார்த்தாலே கிலுவுக்குப் பாதிச் சிரிப்பு வந்துவிடும். சி கிரேடு விஷயம் கேள்விப்பட்டதும் மனிதர் பிடித்துக்கொண்டார். காற்றைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் இரண்டு வரி எழுதத் தெரியாத பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு எப்படி மூச்சு விடுகிறீர்கள் என்று அப்பாவிடம் விசாரித்தார். சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டே கிண்டலடித்தார். கிலுவுக்கு அழுகை வரும்போல இருந்தது, சிரிப்பும் வந்தது.

அம்மா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே ஏற்ற இறக்கமில்லாத குரல் தங்கிவிட்டது. அந்தக் குரலில் அம்மா தம்பியைப் பார்த்துச் சொன்னாள்:

“நீ மட்டும் என்னத்தக் கிழிச்ச? அதே பாடத்துல டி வாங்கிட்டு வந்து, மார்க் ஷீட்டை அரிசி டப்பால ஒளிச்சு வெச்சவன்தானே நீ.”

கிலுவுக்கு இது புதுச் செய்தி. மாமா தண்ணீர் குடித்தார்.

“அது பதினஞ்சு வருஷம் முன்னாடிக்கா,” என்றார். “அப்ப சுற்றுச்சூழலே வேற.”

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். சரியான நேரத்தில்தான் வைத்தார்.

சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டபோது கிலுவுக்கு ஒன்று தோன்றியது. மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு மறுதேர்வு நடக்கிறது, எந்த வருடம் படித்தவரும் எழுதலாம். இவ்வளவு பேசுகிற மாமா என்னோடு வந்து எழுதட்டுமே என்றாள். மாமா மார்தட்டினார். எழுதினால் என்ன, ஏ வாங்கிக் காட்டுகிறேன் என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று கிலு நினைத்தாள். மறுநாள் பார்த்தால் மனிதர் இரண்டு பேருக்கும் சேர்த்தே பதிவு செய்துவிட்டு வந்திருக்கிறார்.

அதன்பிறகு வீடு வீடாக இல்லை. வேலை முடிந்ததும் மாமா மசகெண்ணெய் படிந்த விரல்களோடு நேராக வந்துவிடுவார். மேசைக்கு இந்தப் பக்கம் கிலு, அந்தப் பக்கம் மாமா, நடுவில் ஒரே புத்தகம். மாமாவுக்குப் பாடம் ஏறாமல் இல்லை. ஆனால் எது ஏறினாலும் லிஃப்ட்டில்தான் ஏறியது. உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் மேலே போகிறது என்று படித்துவிட்டு ஆள் மிரண்டுபோனார்.

“பத்துப் பேர் ஏறினா ஒருத்தன்தான் மேல் மாடிக்குப் போய்ச் சேர்றானா? என் லிஃப்ட் இப்படி இருந்தா அன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கிருப்பாங்க.”

அன்றைய படிப்பு அத்தோடு முடிந்தது. கிலு மேசைக்கு அடியில் கிடந்தாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அந்தப் பத்தில் ஒரு பங்கு அதற்கப்புறம் அவளுக்கு மறக்கவே இல்லை.

பகலில் தொலைபேசியில் வந்து சந்தேகம் கேட்பார். பின்னணியில் மோட்டார் உறுமும். உணவுச் சங்கிலியில் கழுகுக்கு மேலே யார் என்பார். யாரும் இல்லை என்றால், அப்படியானால் கழுகுதான் சூப்பர்வைசர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வைத்துவிடுவார். கிலு கடைத்தெருவின் நடுவில் தொலைபேசியும் கையுமாக நின்று குலுங்குவாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒதுங்கிப் போவார்கள்.

இது சரிப்படாது என்று அம்மா ஒருநாள் புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். “நான் வாசிக்கறேன். ரெண்டு பேரும் கண்ணை மூடிட்டுக் கேளுங்க,” என்றாள். வாசித்தாள்:

“கவனிக்கவும். நீர்ச் சுழற்சி. கடலிலிருந்து ஆவியாகப் புறப்படும் நீர், மேகம் வழியாக மலை சென்று, மழையாக இறங்கி, ஆறு வழியாகக் கடல் வந்து சேரும்.”

மாமா கண்ணைத் திறக்காமலே, எந்த நடைமேடையில் என்று கேட்டார். அம்மா புத்தகத்தால் அவர் தலையில் ஒரு போடு போட்டாள். ஆனாலும் விடவில்லை. தினமும் வாசித்தாள். ஒரு வாரம் சிரித்தார்கள், அடுத்த வாரம் குறைந்தது, அதற்கடுத்து அந்தக் குரல் காதுக்குள் குடியேறிவிட்டது. பல் தேய்க்கும்போதுகூடக் கிலுவுக்கு நீர் ஆவியாகப் புறப்பட்டது.

படிப்புப் பிரச்சினை தீர்ந்தது. சிரிப்புப் பிரச்சினை அப்படியே இருந்தது. தேர்வறையில் இருக்கை பதிவு எண்படி என்று தெரிய வந்தது. இருவருக்கும் சேர்த்துப் பதிவு செய்த புண்ணியத்தில் எண்கள் அடுத்தடுத்து. மாமா முன்னால், அவள் பின்னால். மூன்று மணி நேரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அப்பா ஒரு யோசனை சொன்னார். அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார், ஆனால் எந்தத் துன்பத்துக்கும் ஒரு கண்ணாடி இருக்கிறது என்று நம்புகிறவர். வயதானவர்கள் வாசிக்கப் போடும் கண்ணாடி ஒன்றை எடுத்து வந்து அவள் மூக்கில் மாட்டினார்.

“புத்தகத்தைப் பாரு. தெரியுதா?”

தெரிந்தது. எழுத்தெல்லாம் கொழுகொழுவென்று தெரிந்தது.

“இப்ப மாமாவைப் பாரு.”

நிமிர்ந்தாள். மாமா இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று கலங்கலாக மிதந்துகொண்டிருந்தது. கிட்டத்தில் இருப்பதெல்லாம் துல்லியம், தள்ளி இருப்பதெல்லாம் மூட்டம். பிரமாதம் என்றாள். அந்த மூட்டம் கையை ஆட்டி, தன்னை இவ்வளவு அழகாக யாரும் பார்த்ததில்லை என்றது.

தேர்வு நாள் வந்தது. இரண்டாம் தடவை எழுத வந்தவர்களின் கூட்டம் ஒரு தினுசாக இருந்தது. கைக்குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, பால் புட்டி எந்தப் பையில் இருக்கிறது என்று கத்திச் சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாள் ஒருத்தி. நரைத்த மீசைக்காரர் ஒருவர் பத்துப் பேனா கொண்டு வந்திருந்தார். மாமா இஸ்திரி போட்ட சட்டையில், தலையைப் படிய வாரி, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்தார். பள்ளி மேசைக்குள் அவருடைய முழங்கால் இரண்டும் அடங்கவில்லை. பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டார். கிலு கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மாமா மூட்டமானார். அப்பாடா என்றிருந்தது.

கதவு வழியாக இன்னொரு மூட்டம் உள்ளே வந்தது. நடையிலிருந்தே தெரிந்துவிட்டது. சிமெண்ட். கூடவே உடற்பயிற்சி ஆசிரியரும் வந்தார். கிலு கண்ணாடியை மூக்கில் இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டாள். ஆனால் வினாத்தாள் வந்ததும் மனம் தெளிந்தது. எல்லாம் தெரிந்த கேள்விகள். நீர்ச் சுழற்சிக்கு அம்மாவின் குரல் காதுக்குள் புறப்பட்டு மலை சென்று கடல் சேர்ந்தது. பேனா அதன் பின்னாலேயே ஓடியது. உணவுச் சங்கிலியில் பத்தில் ஒரு பங்கை எழுதும்போது லேசாகத் தோள் அசைந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடங்கிவிட்டது. பரவாயில்லையே என்று தன்னையே மெச்சிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள்.

மண்புழு அங்கே இருந்தது. போன தடவை வந்த அதே கேள்வி, சொல் மாறாமல். கிலு மூச்சை இழுத்துப் பிடித்தாள். கோட்டு இல்லை, கல்யாணம் இல்லை, இது வெறும் புழு, மண்ணைக் கிளறும், காற்றோட்டம் தரும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். முதல் வரியை எழுதினாள். இரண்டாவது வரியையும் எழுதிவிட்டாள்.

அப்போது முன்னாலிருந்த மூட்டம் கையைத் தூக்கியது.

சிமெண்ட் அருகில் வந்தார். மாமா குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் மோட்டார் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அவர் தாழ்த்தினால் மற்றவர்கள் சாதாரணமாகப் பேசுகிற அளவுக்கு வரும்.

“டீச்சர், இந்த மண்புழுவுக்குப் படம் போடணுங்களா?”

“போடலாம்.”

“தலை எந்தப் பக்கம்னு குறிக்கணுமா?”

சிமெண்ட் குனிந்து வினாத்தாளை ஒருமுறை பார்த்தார்.

“தெரிஞ்சா குறிங்க,” என்றார்.

கிலுவின் பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போயிற்று. தோள் குலுங்கியது. விசில் கிளம்பியது. அப்பாவின் கண்ணாடி கண்ணைத்தான் மறைத்தது. காதுக்கு அவர் ஒன்றும் கொடுத்து அனுப்பவில்லையே. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். அது மூக்கு வழியாக வந்தது. மூக்கைப் பிடித்தாள். அது கண் வழியாகத் தண்ணீராக வந்தது. பக்கத்து வரிசையில் நரைத்த மீசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருடைய மீசையும் ஆடத் தொடங்கிவிட்டது. பால் புட்டிக்காரி தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாமா ஒருவர்தான் ஒன்றும் அறியாத பிள்ளையாகப் புழுவுக்கு மும்முரமாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

சிமெண்ட் கிலுவின் மேசைக்கு வந்து நின்றார். முடிந்தது என்று நினைத்தாள் கிலு. குழாயடி, முகம், மறுபடி குழாயடி. கல்லூரி போயிற்று. பூங்கா போயிற்று. அப்படி நினைத்தும் சிரிப்பு நின்றபாடில்லை, அதுதான் கொடுமை.

சிமெண்ட் அவளுடைய வினாத்தாளையும் விடைத்தாளையும் எடுத்துக்கொண்டார். உடற்பயிற்சி ஆசிரியரிடம் ஏதோ சொன்னார். வா என்று கிலுவுக்குத் தலையை அசைத்துவிட்டு வெளியே நடந்தார். குழாயடிப் பக்கம் திரும்பாமல் அடுத்த அறைக் கதவைத் திறந்தார். வேதியியல் ஆய்வுக்கூடம். யாரும் இல்லை. அமில வாடையும், வரிசையாகக் கண்ணாடிக் குழாய்களும், உயரமான முக்காலிகளும் இருந்தன. தாள்களை ஒரு மேசையில் விரித்து வைத்தார்.

“உக்காரு. சிரிக்கறதுன்னா சிரிச்சுக்கோ. ஆனா கை நிக்கக் கூடாது.”

“வெளிய அனுப்பலையா டீச்சர்?”

“எதுக்கு? பேசக் கூடாது, பார்த்து எழுதக் கூடாது, அடுத்தவங்களுக்குத் தொந்தரவு தரக் கூடாது. விதில இருக்கறது இவ்வளவுதான். சிரிக்கக் கூடாதுன்னு எங்கயும் போடல. இங்க தொந்தரவு பண்ண அடுத்தவங்களும் இல்ல.”

“நீங்க இருக்கீங்களே டீச்சர்.”

“எனக்குத் தொந்தரவா இருந்தா நான் சொல்றேன். நீ எழுது.”

சொல்லிவிட்டு அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சோதனைக் குழாய்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார். கீறல் இருந்தால் இடது பக்கம், நல்லது என்றால் வலது பக்கம்.

கிலு சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தாள். வரவில்லை. சிரிக்கக் கூடாத இடத்திலெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது, சிரித்துக்கொள் என்று விட்டதும் எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டது. கல்யாண மேடையை நினைத்துப் பார்த்தாள். புழு வந்து நின்றது, கோட்டும் போட்டிருந்தது. ஆனாலும் சும்மா நின்றது. இதென்னடா கூத்து என்றிருந்தது அவளுக்கு. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

மண்புழு மண்ணைக் குடைந்து குடைந்து வழி போடுவதையும், அந்த வழியே காற்றும் தண்ணீரும் வேருக்கு இறங்குவதையும், உதிர்ந்த இலையை அது தின்று எருவாக்கித் தருவதையும் எழுதினாள். எழுத எழுத அவளுக்கே அது பிடித்துப்போயிற்று. இவ்வளவு வேலை செய்கிறவனைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால்தான் என்ன என்று தோன்றியது. அப்போது சிரிப்பு திரும்பி வந்தது. பழைய பேய்ச் சிரிப்பு இல்லை இது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து கூடவே இருக்கிற சிரிப்பு. தோள் குலுங்கியது, கையெழுத்து கொஞ்சம் கோணியது. ஆனால் பேனா நிற்கவில்லை. படம் போட்டாள். பட்டை மாதிரித் தடித்திருக்கும் பகுதிக்குக் கிட்டத்தில் இருக்கிற முனைதான் தலை. அம்பு போட்டுக் குறித்தாள். குறிக்கும்போது விசிலும் வந்தது. சிமெண்ட் நிமிரவில்லை. தொந்தரவு என்றும் சொல்லவில்லை.

கடைசிக் கேள்வியை முடித்து, ஒருமுறை திருப்பியும் பார்த்துவிட்ட பிறகுதான் மணி அடித்தது. சிமெண்ட் தாள்களை வாங்கி எண்ணிக் கட்டினார். கதவு வரைக்கும் போன கிலுவை நிறுத்தினார்.

“தலை கேட்டாரே, அவர் யாரு? உனக்குத் தெரிஞ்சவரா?”

“எங்க மாமா டீச்சர்.”

சிமெண்ட் தலையை ஆட்டினார். பிறகு திரும்பி, குழாய்களை அலமாரியில் அடுக்கப் போனார். அவருடைய முதுகைத்தான் கிலு பார்த்தாள். தோள் இரண்டும் குலுங்கின. மூக்கு வழியாக மெல்லியதாக ஒரு சத்தமும் வந்தது. இந்த விஷயத்தில் கிலுவுக்கு இருக்கிற அனுபவம் வேறு யாருக்கும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு நழுவினாள்.

வெளியே மாமா காத்திருந்தார். அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார் பாவம். முகத்தில் ஈயாடவில்லை. தன்னால்தான் அவளுக்கு மறுபடி இப்படி ஆயிற்று, அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று இரண்டு மணி நேரமாக மனதுக்குள் குமைந்திருக்கிறார். நடந்ததைக் கிலு சொல்லச் சொல்லத்தான் அவருக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் பழைய ஆளாகிவிட்டார்.

“சரி, தலையை என்ன பண்ணின?” என்று கேட்டாள் கிலு.

“ரெண்டு முனைலயும் ‘தலை’ன்னு எழுதிட்டேன். ஒண்ணாவது சரியா இருக்கும்ல.”

பேருந்து நிறுத்தத்தில் அவர்களுக்குக் கால் நிற்கவில்லை. கம்பத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அங்கே நின்ற காய்கறிப் பைக்காரர் எதற்கென்று தெரியாமலே சிரிக்க ஆரம்பித்தார். வந்த பேருந்தையும் விட்டுவிட்டார்கள்.

முடிவு வர ஒன்றரை மாதம் ஆயிற்று. அந்த நாட்களில் கிலு சிரித்தது குறைவு. உள்ளுக்குள் பயம் இருந்தது. தனியறையில் எழுதியது செல்லுமோ செல்லாதோ, கோணல் எழுத்தை யார் படிப்பார்களோ என்று படுக்கையில் புரண்டாள். பல்லி தினமும் வந்து, ட்ச்சு என்றுவிட்டு, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்பாள். நாக்குத் தட்டுவது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று அதற்கொரு சண்டை நடக்கும்.

முடிவு வந்த அன்று அம்மா வேலைக்குப் போகவில்லை. தொலைபேசித் திரையை முதலில் பார்த்தது அப்பாதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கிலுவுக்கு பி. கல்லூரி கேட்டது அதைத்தான். ஏழெட்டு மதிப்பெண் கூட வந்திருந்தால் ஏ ஆகியிருக்கும். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. கிலு கட்டிலில் ஏறிக் குதித்தாள். கட்டில் ஒரு பக்கம் இறங்கியது. அம்மா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். அவளை இழுத்து அணைத்து, வெகுநேரம் விடவில்லை.

அப்புறம்தான் மாமாவின் பதிவு எண்ணைத் தட்டினார்கள். அப்பா மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

“ஏ,” என்றார்.

“என்ன ஏ?” என்றாள் அம்மா.

“மச்சானுக்கு ஏ கிரேடு.”

அன்று முழுக்க மாமாவை ஒரு அறைக்குள் வைத்திருக்க முடியவில்லை. வேலை செய்யும் இடத்தில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், பழுதான லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்த யாரோ ஒரு அம்மாளிடம் கதவு இடுக்கு வழியாகச் சொன்னார். அந்த அம்மாள் வாழ்த்துச் சொல்லிவிட்டு, முதலில் கதவைத் திறங்கள் என்றாராம். கிலுவிடம் வந்தபோது மட்டும் குரல் கொஞ்சம் மாறியது. பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நான் பந்தயத்துக்குத்தான் எழுதினேன். உன்னோட உக்காந்து படிச்சது நல்லா இருந்துச்சு. அதான் நிஜம்.”

கிலு அவர் தோளில் ஒரு குத்து விட்டாள்.

சாயங்காலம் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு மாமா தான் பராமரிக்கும் கட்டடத்துக்குப் போனார். ஊரிலேயே உயரமானது அதுதான். மேலாளரிடம் சொல்லி மொட்டைமாடிச் சாவியை வாங்கி வந்திருந்தார். மேலே காற்று ஆளைத் தூக்கியது. அம்மா அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி நின்றாள். வெயில் சாய்ந்து எல்லாக் கூரையும் மஞ்சளாக இருந்தது. கிலு சுவரோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். தலை கிறுகிறுவென்று சுற்றியது. அது உயரத்தாலா சந்தோஷத்தாலா என்று பிரிக்க முடியவில்லை.

கீழே நகரசபைப் பூங்கா தெரிந்தது. எத்தனையோ தடவை நடந்த இடம். மேலேயிருந்து பார்ப்பது இதுதான் முதல். கல் பதித்த பாதை சதுரமாகச் சுற்றி வளைத்துப் போயிற்று. அதில் ஆளே இல்லை. வேலை முடிந்து வருகிறவர்கள் எல்லாம் புல்வெளியைக் குறுக்கே வெட்டி நடந்தார்கள். நடந்து நடந்து அங்கே பழுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது.

“மாமா, அங்க பாரு. எந்த வழியா போகணும்னு ஜனங்களே போட்டுக் காட்டிட்டாங்க. அதுல கல்லைப் பதிச்சா போதும். பழைய பாதையைப் பேர்த்துட்டு அங்க மரம் வைக்கலாம்.”

மாமா எட்டிப் பார்த்தார். எங்கே என்றார். அவள் கையை நீட்டிக் காட்டினாள். குளத்துக்குப் பக்கத்தில் கோடு வளைவதையும், பெஞ்சு இருக்க வேண்டிய இடத்தையும் சொன்னாள். காற்றில் பாதிச் சொல் பறந்தது. சத்தம் போட்டுச் சொன்னாள். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும், வெளிச்சம் போவதற்குள் போகலாம் என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா கண்ணைத் திறந்து, கீழே போகிறோமா என்று நன்றியோடு கேட்டாள். நால்வரும் இறங்கினார்கள். வாசலைத் தாண்டியதும் கிலு நடக்கவில்லை, ஓடினாள்.